மோட்டார் நிற்கும் இடம்

மீனின் வாயைத் திறந்து நெட்டித் துண்டைத் திணிப்பது சிலாந்தோயின் காலை வேலை. ஏரியோரம் தண்ணீருக்குள்ளேயே வளரும் நெட்டி மரத்தின் கிளையை விரல் நீளத்துக்கு நறுக்கிக்கொள்ள வேண்டும். சின்ன மீன்களாகப் பார்த்து வாய் வழியாக உள்ளே தள்ள வேண்டும். அப்படித் தள்ளிய மீன் எங்கே விட்டெறிந்தாலும் முழுகாது. வெள்ளை வயிறு மேலே தெரிய மிதக்கும். மரத்திலிருந்து பார்க்கிற கழுகுக்கு அது போதும்.

"இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளு," என்றான் பர்சலோய். டீக் கோப்பையோடு வாசலில் குந்தியிருந்தான். "நேத்து ஒண்ணு வாயில குச்சியோட மிதந்துச்சு, பல்லு குத்திக்கிட்டு இருக்கிற மாதிரி. போட்டோ எடுக்க வந்தவன் கேமராவ கீழ வச்சுட்டுச் சிரிக்கிறான்."

"உனக்குக் கை இல்லையா? வந்து நீ தள்ளு."

"நான் படகுக்காரன். சமையல்காரன் இல்ல."

"கழுகுக்குச் சமைச்சுப் போடத்தான் என்னைக் கட்டிக்கிட்டு வந்தியா?"

"கழுகுன்னு சொல்லாத. டீச்சரம்மான்னு சொல்லு."

வெள்ளைத் தலையும் மார்பும் கொண்ட அந்தப் பெண் மீன்கழுகு, தண்ணீருக்குள் செத்து நிற்கும் வேலமரத்தின் உச்சியில் வாழ்ந்தது. பர்சலோய் படகின் முன்முனையில் நின்று விசிலடித்து மீனை உயர்த்திக் காட்டினால் இறங்கி வரும். ஆனால் முதல் விசிலுக்கு வராது. மற்ற படகுகளின் கழுகுகள் சத்தம் கேட்டதும் பாய்ந்து வந்தன. இது மட்டும் முதல் விசிலுக்குத் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு இறகைக் கோதும். இரண்டாவது விசிலுக்குத்தான் கிளையை விட்டுக் கிளம்பும். முதல் மணிக்கு வகுப்புக்கு வராத டீச்சர் ஒருத்தி தனக்கு இருந்தாள் என்று சொல்லி, பர்சலோய்தான் அந்தப் பெயரை வைத்தான்.

கீழே கரையிலிருந்து சனிங்கோ குரல் கொடுத்தான். பர்சலோயின் அண்ணன். படகை ஓட்டுவது அவன்; முன்னால் நின்று பேசுவதும் விசிலடிப்பதும் தம்பி.

"பாகிதெங்! உன் புருஷன் எழுந்துட்டானா, இல்ல இன்னும் கனவுலதான் மீன் பிடிக்கிறானா?"

"எழுந்து எனக்குச் சமையல் சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருக்காரு, பாகிதெங்," என்று சிலாந்தோய் பதிலுக்குக் கத்தினாள்.

அவள் மணமாகி வந்த அன்று சனிங்கோ அவளுக்கு ஒரு கிடாரிக் கன்று கொடுத்தான். பசு கொடுத்தவரும் வாங்கியவரும் அதன்பின் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைப்பதில்லை. இரண்டு பேருக்கும் ஒரே பெயர், பாகிதெங். கன்று வளர்ந்து பசுவாகி, ஈன்று, கிழடாகிச் செத்தும் போய்விட்டது. பெயர் மட்டும் இருந்தது.

பர்சலோய் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"அதைப் போட்டுக்கிட்டுத்தான் போயேன்."

"போட்டா வேர்க்குது. மேல உக்காந்தா மெத்துனு இருக்கு."

"வரும்போது உப்பு வாங்கிட்டு வா."

"எந்த உப்பு?"

"உப்புல என்ன எந்த உப்பு? உப்பு."

அவன் சிரித்துக்கொண்டே மீன் வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனான்.

*

சில வருடங்களுக்கு முன் பரிங்கோ ஏரி ஏறத் தொடங்கியபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மழை நின்றால் இறங்கிவிடும் என்றார்கள். மழை நின்றது, ஏரி இறங்கவில்லை. மேய்ச்சல் புல் முதலில் போனது. பிறகு ஆஸ்பத்திரி வாசல், தேவாலயத்தின் படிக்கட்டு, பள்ளிக்கூடத்தின் கரும்பலகை. ஒருநாள் காலையில் சிலாந்தோய் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தாள், பாதம் நனைந்தது. அன்றைக்கே தகரங்களைப் பிரித்து மேட்டுக்கு ஏறினார்கள். வீடு போனது, மாட்டுப்பட்டி போனது, பட்டியின் வாசலருகே புதைத்திருந்த மாமியாரும் தண்ணீருக்கடியில் போனாள்.

தோண்டி எடுத்து மேட்டில் புதைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். சனிங்கோ ஒப்பவில்லை. "அம்மா அவ வீட்டு வாசல்ல இருக்கா. நாமதான் வீட்ட விட்டுட்டு வந்தோம். அவ வரல," என்றான்.

படகு போகும் வழி அந்த இடத்தின் மேலாகத்தான். முதல் முறை அதைக் கடந்தபோது சனிங்கோ மோட்டாரை நிறுத்தினான். தாயின் தலைக்கு மேலே இரைச்சலோடு போக அவனுக்குக் கை வரவில்லை. படகு ஓடிவந்த வேகத்தில் தானாக வழுக்கிக்கொண்டு போனது. தண்ணீர் பலகையில் உரசும் ஓசை மட்டும் கேட்டது. பட்டியைத் தாண்டியதும் மறுபடி கயிற்றை இழுத்து மோட்டாரைக் கிளப்பினான்.

தண்ணீருக்கடியில் கல்லறை இல்லாத குடும்பம் அந்தக் கரையில் இல்லை. ஒருவர் செய்ததைப் பார்த்து எல்லாரும் செய்தார்கள். தங்கள் இடத்தின் மேல் நிறுத்தியவர்கள் அடுத்தவர் இடத்தின் மேலும் நிறுத்தினார்கள். அதிகம் சொல்லிக்கொள்ளாமலே அது வழக்கமாகிவிட்டது. பறவை பார்க்க வருகிறவர்களுக்கும் அது பிடித்திருந்தது. காரணத்தைக் கேட்டதும் சிலர் தொப்பியைக் கழற்றுவார்கள்.

நீர்யானைக்கு ஆழம் ஆகாது. பகலெல்லாம் முதுகு நனைய நிற்க வேண்டும், ஆனால் கால் தரையில் ஊன்ற வேண்டும். பழைய கரையெல்லாம் ஆழமாகிப் போனதும் அவை மனிதர்கள் விட்டுவிட்டு வந்த முற்றங்களைத் தேடி வந்தன. படகுக்காரர்களுக்கு இது தெரியும். மோட்டார் சத்தம் தூரத்தில் கேட்டால் நீர்யானை ஒதுங்கிக்கொள்ளும், ஓசையில்லாமல் வரும் படகு முதுகில் இடித்தால்தான் மிரளும் என்பதும் தெரியும். சிறுவயதிலேயே தெரியும். ஆனால் அது ஏரியைப் பற்றிய விஷயம். அந்த இடத்தை அவர்கள் யாரும் ஏரியாக நினைக்கவில்லை. அவர்களுக்கு அது வீடு.

*

மேட்டிலிருந்த புது வீட்டில் நின்றால் படகுகளின் மோட்டார் ஓசை கேட்கும். எது யாருடையது என்று சிலாந்தோய்க்குத் தெரியும். சனிங்கோவின் மோட்டார் இருமிக்கொண்டே ஓடும். அது புறப்படும், இருமும், நிற்கும். மாமியாரின் மேல் போகிறார்கள் என்று அர்த்தம். துணி அலசிக்கொண்டிருந்தாலும் மாவு கிளறிக்கொண்டிருந்தாலும் அந்த இடைவெளி அவள் காதில் விழும். ஒரு துணியை அலசிப் பிழிந்து கொடியில் போடுவதற்குள் மோட்டார் மறுபடி இரும ஆரம்பித்துவிடும்.

உப்பு வாங்கிவரச் சொல்லி அனுப்பிய அன்றைக்கும் நின்றது. அவள் துணியை அலசினாள், பிழிந்தாள், கொடியில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். அதையும் போட்டாள். பர்சலோயின் சட்டை ஒன்று கையில் இருக்கும்போதுதான் எதையோ விட்டுவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. என்ன என்று உடனே பிடிபடவில்லை. ஏரி அமைதியாக இருந்தது. பிறகு ஒரே சமயத்தில் நாலைந்து மோட்டார்கள் வெவ்வேறு திசையிலிருந்து கதறிக்கொண்டு கிளம்பின. எல்லாம் ஒரே இடத்தை நோக்கிப் போயின. அவள் ஈரச் சட்டையோடு ஓடினாள்.

நைரோபியிலிருந்து வந்திருந்த வயதான கணவன் மனைவி இருவரும் மிதவைச் சட்டை போட்டிருந்ததால் தப்பினார்கள். சனிங்கோ கவிழ்ந்த படகின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். கீழிருந்து நீர்யானை கொடுத்த இடி முன்முனையில்தான் விழுந்தது. பர்சலோய் தூக்கியெறியப்பட்டதை அந்த அம்மாள் பார்த்திருக்கிறாள். விழுந்ததைப் பார்த்தாள், எழுந்ததைப் பார்க்கவில்லை. அவன் உட்காரும் மிதவைச் சட்டை தனியாக மிதந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி மீன்கள் மிதந்தன. அன்று காலையில் சிலாந்தோய் வாயைத் திறந்து திணித்த மீன்கள். ஒன்றுகூட முழுகவில்லை.

படகுகள் தேடின. வலை போட்டார்கள், நீண்ட கழிகளால் துழாவினார்கள். உடல் கிடைக்கவில்லை. முதலைகளும் உள்ள ஏரி அது. அதைப் பற்றி அவள் முன்னால் யாரும் பேசவில்லை. கடைசியில் பெரியவர்கள் மேட்டு வீட்டின் முன் கூடினார்கள்.

"அவன் எங்கேயும் போகல," என்றார் ஒருவர். "அவன் பொறந்த முத்தத்துல, அவன் அம்மா பக்கத்துல கிடக்கான். ஏரி ஏறாம இருந்திருந்தாலும் நாம அங்கதானே புதைச்சிருப்போம்."

சிலாந்தோய்க்கு அது ஆறுதலா கோபமா என்று தெரியவில்லை. அவள் தலையை மழித்துக்கொண்டாள். இறந்தவரின் பெயரை அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதனால் அவனைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஏரிப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினார்கள்.

*

படகைச் சரிசெய்து சனிங்கோ மறுபடி ஏரியில் இறங்கினான். அன்றைக்கு அவள் வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மோட்டார் இருமிக்கொண்டு போனது. நின்றது.

அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது. மூச்சையும் இழுத்து நிறுத்திக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. மறுபடி மோட்டார் இருமியபோதுதான் மூச்சை விட்டாள். அடுத்த நாளும் நின்றது. மற்ற படகுகளும் நிறுத்தின. முன்னைவிட அதிக நேரம் நிறுத்தின, இப்போது அங்கே இரண்டு பேர் என்பதால். ஒவ்வொரு படகின் முன்முனையிலும் எவளோ ஒருத்தியின் புருஷனோ மகனோ விசிலுக்குத் தயாராக நின்றுகொண்டிருப்பான் என்பது அவளுக்குத் தெரியும். ஓசையே இல்லாமல் நீர்யானைகளின் முதுகின் மேல் அவர்கள் வழுக்கிக்கொண்டு போகிறார்கள். என் புருஷனுக்கு மரியாதை செய்துகொண்டு போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் மாலையில் அவள் கரைக்குப் போனாள். சனிங்கோ படகிலிருந்து தண்ணீரை இறைத்துக் கொட்டிக்கொண்டிருந்தான். வெட்டிய பிளாஸ்டிக் கேனின் அடிப்பாகம்தான் இறைக்கும் பாத்திரம். விபத்துக்குப் பிறகு அவன் அவளைப் பாகிதெங் என்று கூப்பிடவில்லை. மகளின் பெயரைச் சேர்த்து நாபுலு அம்மா என்றான்.

"என்ன நாபுலு அம்மா? மாவு தீந்துடுச்சா?"

"மாவு இருக்கு. அங்க மோட்டார நிறுத்தாதீங்க."

சனிங்கோ நிமிரவில்லை. தண்ணீரைக் கொட்டினான்.

"என்ன சொல்ற?"

"அங்க நீர்யானை நிக்குது. சத்தம் கேட்டா விலகிக்கும். நிறுத்தாம போங்க. மத்தவங்களையும் நிறுத்த வேணாம்னு சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க, நீங்கதான் ஆரம்பிச்சீங்க."

"கீழ கிடக்கிறது யாருன்னு மறந்துட்டியா?"

"எனக்கா மறக்கும்?"

"உன் புருஷன் நெஞ்சு மேல மோட்டார ஓட்டச் சொல்றியே. ஊருல என்ன பேசுவாங்க? பொண்டாட்டியே சொன்னாளாம்னு பேசுவாங்க."

"பேசட்டும். அவருக்குச் சத்தம் புதுசு இல்ல. மோட்டார்லயேதான் பொழைச்சாரு. தூங்கும்போதுகூட மோட்டார் மாதிரிதான் குறட்டை விடுவாரு."

அவன் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்து, வராமல் போனது. பாத்திரத்தைப் படகுக்குள் எறிந்தான்.

"அப்ப அன்னிக்கு நான் நிறுத்தினதுதான் தப்பு. அதத்தான சொல்ல வர்ற? நேராச் சொல்லேன்."

சிலாந்தோய்க்கு அப்போதுதான் புரிந்தது. நிறுத்துவது சரி என்று இருக்கும்வரை அவன் தாய்க்கு மரியாதை செய்த மகன். நிறுத்துவது தப்பு என்று ஆகிவிட்டால் தம்பியைக் கொன்ற அண்ணன். அவன் தினமும் மோட்டாரை நிறுத்துவது செத்தவர்களுக்காக மட்டும் அல்ல. தப்பில்லை என்று சொன்னால் அவன் நிறுத்திக்கொண்டே இருப்பான். தப்பு என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

"நாளைக்கு நான் முன்னால நிக்கிறேன்," என்றாள்.

"எங்க?"

"படகுல. உங்களுக்கு ஆள் இல்ல. எனக்கு வேலை இல்ல. மீன் நான்தான் தயார் பண்றேன். விசிலும் நானே அடிச்சுக்கிறேன்."

"பொம்பள விசிலடிச்சா டீச்சரம்மா வருவாளா?"

"டீச்சரம்மாவும் பொம்பளதானே."

அவன் குனிந்து பாத்திரத்தை எடுத்து மிச்சத் தண்ணீரையும் இறைத்தான். "மிதவைச் சட்ட போட்டுக்கிட்டு வா," என்றான் கடைசியில். "மேல உக்காராத. போட்டுக்கோ."

*

மறுநாள் கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் வந்திருந்தார்கள். கைபேசியில் பாட்டுப் போட்டுக்கொண்டு, குட்டி முதலை ஒன்றைப் பார்த்ததும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து படம் எடுத்தார்கள். சிலாந்தோய் முன்முனையில் உட்கார்ந்திருந்தாள். மீன் வாளி காலருகே இருந்தது. மிதவைச் சட்டை கழுத்தை இறுக்கியது, வேர்த்தது. புருஷன் சொன்னது உண்மைதான் என்று நினைத்தாள்.

தண்ணீருக்கு மேலே பட்டியின் கம்பம் ஒன்று மட்டும் நுனி தெரிய நின்றது. அதை வைத்துத்தான் இடத்தை அறிய வேண்டும். அது நெருங்கியபோது அவள் திரும்பிப் பார்த்தாள். சனிங்கோ அவளைப் பார்க்கவில்லை. கம்பத்தைப் பார்த்தபடி கையை நீட்டி மோட்டாரை நிறுத்தினான்.

பிள்ளைகளுக்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தான் போலும். பாட்டு நின்றது. ஒரு பெண் தலைமேலிருந்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டாள். பலகையில் தண்ணீர் உரசும் ஓசை. சிலாந்தோய் கீழே பார்த்தாள். பழுப்புத் தண்ணீர். ஒரு முழத்துக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. இங்கேதான் அடுப்பு இருந்தது. இங்கேதான் அவள் புருஷன் உட்கார்ந்து செருப்பு தைப்பான்.

அவள் இறைக்கும் பாத்திரத்தை எடுத்தாள். படகின் பக்கத்தில் ஓங்கித் தட்டினாள். மறுபடி தட்டினாள். நிறுத்தாமல் தட்டினாள். மாட்டை விரட்டுகிற மாதிரி, மழைக்கு முன் ஆடுகளைக் கூப்பிடுகிற மாதிரி, வாயாலும் சத்தம் போட்டாள். வார்த்தை எதுவும் இல்லை, வெறும் குரல். பிள்ளைகள் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார்கள்.

"நாபுலு அம்மா," என்றான் சனிங்கோ. "போதும். நிறுத்து."

அவள் நிறுத்தவில்லை.

கம்பத்துக்கு இந்தப் பக்கம், படகின் மூக்குக்கு நேர் முன்னால், தண்ணீர் வீங்கியது. இரண்டு காதுகள் முதலில் வந்தன, அவை உதறிக்கொண்டன. பிறகு கண், பிறகு பாறை மாதிரி முதுகு. அதன் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் குட்டியோடு ஒன்று. ஒரு கயிறு எறிந்தால் எட்டுகிற தூரம். அவை சத்தத்தைக் கேட்டன. ஒன்றன்பின் ஒன்றாக மூச்சை ஊதிவிட்டு, பட்டியின் வாசல் இருந்த பக்கமாக விலகி நடந்தன. நடந்தன என்றுதான் சொல்ல வேண்டும். தண்ணீருக்கடியில் அவற்றின் கால்கள் முற்றத்தில் ஊன்றியிருந்தன. படகு அவை நின்றிருந்த இடத்தின் மேலாக வழுக்கிப் போனது. ஒன்றும் நடக்கவில்லை.

கல்லூரிப் பிள்ளைகள் மகிழ்ச்சியில் படம் எடுத்துத் தள்ளினார்கள்.

சிலாந்தோய் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். சனிங்கோ நீர்யானைகள் போன வழியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடுகள் அசைந்தன. இவ்வளவு எளிதாக விலகிவிட்டனவே என்று அந்த முகம் சொன்னது. அவளுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இதைத்தான் அவள் செய்ய வந்தாள். செய்தபின் அவனுக்கு என்ன ஆகும் என்று அவள் யோசித்து வரவில்லை.

"நான் அன்னிக்கு..." என்று ஆரம்பித்தான்.

"மோட்டார எடுங்க," என்றாள்.

அவன் கயிற்றை இழுத்தான். முதல் இழுப்பில் கிளம்பவில்லை. மூன்றாவது இழுப்பில் மோட்டார் இருமிக்கொண்டு பிடித்தது. பட்டியின் எல்லையைத் தாண்டுவதற்கு இன்னும் தூரம் இருந்தது. மிச்ச முற்றத்தை அவர்கள் இரைச்சலோடு கடந்தார்கள்.

அதன்பிறகு சனிங்கோ அங்கே மோட்டாரை நிறுத்தவில்லை. படகுச் சங்கத்தில் பேசியபோது சிலர் சரி என்றார்கள், சிலர் எழுந்து போனார்கள். இன்றும் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த இடைவெளி காதில் விழும்போதெல்லாம் சிலாந்தோயின் கைவேலை நின்றுவிடும். சனிங்கோ அவள் வீட்டில் உட்கார்ந்து டீ குடிப்பதை விட்டுவிட்டான். படகில் வேண்டியதை மட்டும் பேசினான். அவளைப் பழைய பெயரில் கூப்பிடவே இல்லை. அவள் மட்டும் அவனை எப்போதும்போல் பாகிதெங் என்றே கூப்பிட்டாள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு, நீர்யானைகள் விலகிய அதே காலையில், படகு செத்த வேலமரத்தருகே வந்து நின்றது. கழுகு உச்சிக்கிளையில் இருந்தது. பிள்ளைகள் கேமராக்களைத் தூக்கினார்கள். சிலாந்தோய் எழுந்து கால்களை அகட்டி நின்றாள். வாளியிலிருந்து ஒரு மீனை எடுத்தாள். நெட்டி நன்றாக உள்ளே போயிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். உதட்டை நனைத்துக்கொண்டாள். அவன் அடித்த விசில் நீளமாக, நுனியில் வளைந்து ஏறும். அவளுக்கு அது வரவில்லை. காற்று பாதி, ஓசை பாதியாக ஒன்று வந்தது.

கழுகு தலையைத் திருப்பிப் பார்த்தது. இறகைக் கோதியது.

"வரலையே அக்கா," என்றாள் கண்ணாடி போட்ட பெண்.

பின்னாலிருந்து சனிங்கோ, யாரையும் பார்க்காமல், தண்ணீரிடம் சொல்வதுபோலச் சொன்னான்.

"முதல் விசிலுக்கு அவ வரமாட்டா."